பாய்மர விட்டத்தில் தொங்கிய எஞ்சின்

என் கன்னத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. துடைக்க முடியவில்லை. இரண்டு கைகளும் தலைக்கு மேலே கியர்பாக்ஸின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்குக் கீழே பழைய உப்புச் சாக்கு. மூக்குக்கு மேலே ஒரு முழ உயரத்தில், புதிதாகக் கோர்த்து முடித்த எஞ்சின் கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கொட்டகைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, எஞ்சினின் விலாவில் சின்னச் சின்ன வட்டங்களாக நகர்ந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாட்கள் அவை. தகரம் தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது.

இப்படி அடியில் கிடந்து மேலே வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

கயிற்றின் மறு நுனி என் மச்சான் சூசையின் கையில் இருந்தது. என் மனைவி மோட்சத்தின் அண்ணன். முப்பது வருஷமாகக் கயிறு என்ற ஒன்றையே தொடாத மனிதர். கிணற்றில் வாளி இறக்கமாட்டார். வீட்டில் துணிக்கொடி அறுந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

அவர் தொடாமல் போனதற்குக் காரணம் நான். அன்று தொட்டதற்கும் காரணம் நான்தான்.

சாக்குக்கு அடியில் ஒரு செயின் பிளாக்

இந்தத் தொடரைப் போன வாரம் அந்த எஞ்சினைக் கோர்த்து முடித்த கதையோடு நிறுத்தியிருந்தேன். புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி என் மாமனாருடையது. நீல நிறப் பிளசர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காரைப் பிளசர் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. கீழவைப்பாரில் மாமனார் வீட்டு வேப்ப மரத்தடியில் பல காலம் கோழி அடைகாத்த வண்டி அது. உப்புக் காற்று தின்றது போக மிச்சத்தைத்தான் தூத்துக்குடிக்குக் கட்டி இழுத்து வந்தேன்.

நான் படகு எஞ்சின் மெக்கானிக். தோணியும் லாஞ்சும்தான் எனக்குச் சோறு போட்டவை. காருக்கு எஞ்சின் கட்டியது அதுதான் முதல் தடவை. கிராங்க் ஷாஃப்டை ஆறுமுகநேரியில் ஒரு லேத்துக்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. இனி எஞ்சினைத் தூக்கி, வண்டியிலேயே இருந்த கியர்பாக்ஸோடு சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் சூசை மச்சான் கோயம்புத்தூருக்குப் போவது முடிவாகிவிட்டது. மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். அடுத்த வாரம் ரயில். "அப்பா வண்டியிலதான் அண்ணன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்று மோட்சம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு வேறொரு அவசரமும் இருந்தது. அவர் கடலை விட்டுப் போவதற்குள் அவர் கையில் ஒரு தடவையாவது கயிறு ஏற வேண்டும். என் வாயிலிருந்து ஒரு உண்மை இறங்க வேண்டும். இரண்டில் எது கஷ்டம் என்று ராத்திரியெல்லாம் யோசித்ததில் விடை கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். பட்டறை ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயின் பிளாக் இருந்தால் யாரும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சங்கிலியை விட்ட இடத்தில் பாரம் அப்படியே நிற்கும். அதனால் அதைக் கொட்டகை மூலையில் சாக்குக்கு அடியில் தள்ளினேன். உடைத்த தோணி ஒன்றின் பாய்மரம்தான் எங்கள் கொட்டகைக்கு விட்டம். அதில் தோணிக் கப்பிகளை மாட்டி, கயிற்றைக் கோர்த்து வைத்தேன்.

"ஆளுவள எங்க காணும்?" என்றாள் மோட்சம்.

"தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடல்ல இறங்குதுல்லா. ஹார்பர்ல வேலை."

"செயின் பிளாக்கு?"

"ஒரு தோணிக்காரரு வாங்கிட்டுப் போயிருக்காரு."

அவள் மூலையிலிருந்த சாக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக் குடித்தனம். என் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதை வாசிக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டாம். அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

வலது காதில் கடல்

விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'ஒரு காது கேட்காது என்கிறீர்கள். எஞ்சின் சத்தத்தை எப்படிப் பரிசோதிக்கிறீர்கள்?' நல்ல கேள்வி. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியை இடது காதில் வைத்துக் கேட்பேன். பேரிங் முனகினாலும் வால்வு இருமினாலும் தெரிந்துவிடும். வலது காதில் எப்போதும் கடல். இந்த வரியை எழுதும்போதும் அங்கே இரைச்சல்தான். தொடக்கத்தில் பைத்தியம் பிடிப்பது போல் இருந்தது. இப்போது அது நின்றுவிட்டால்தான் தூக்கம் வராது என்று நினைக்கிறேன்.

அந்தக் காது போன கதையை இத்தனை வாரமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். இனி தள்ள முடியாது.

கல்யாணமான புதிதில் ஒரு பருவம் நான் சங்கு குளிக்கப் போனேன். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஓஸ் வழியாகக் காற்று. இடுப்பில் கயிறு. கீழே ஏதாவது சங்கடம் என்றால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் போதும், மேலே இருப்பவர் தூக்கிவிடுவார்.

கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்து முறை. அண்ணன் தம்பி என்றால் பங்காளி. பங்கில் ஒரு தலை குறையட்டுமே என்று ஒரு நொடி தோன்றிவிடலாம். மச்சானுக்கு அது தோன்றாது. கீழே இருப்பது அவன் தங்கச்சியின் தாலி.

சூசை மச்சான் அதற்கும் ஒரு படி மேலே. எல்லோரும் கயிற்றின் மேல்நுனியைப் படகில் கட்டுவார்கள். அவர் தன் இடுப்பில் முடிந்துகொள்வார். "படகுல கட்டுனா படகுக்குத்தான் தெரியும்" என்பார்.

அன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. சங்கு மணலில் ஊர்ந்து போனால் ஒரு தடம் விழும். அந்தத் தடத்தைப் பிடித்துப் போனால் சங்கு கிடைக்கும். நான் ஒரு தடத்தைப் பிடித்துப் போனேன். அது நீண்டுகொண்டே போனது. வெளிச்சம் பச்சையாகி, பிறகு வெள்ளி நிறமாகி, மணல் மேல் வலை விரித்தது போல அசைந்தது. தலைக்கு மேலே குட்டி மீன்கள் கூட்டமாகத் திரும்பியபோது ஒரு ஜன்னலைத் திறந்து மூடியது போல் இருந்தது. ஓஸ் எங்கோ மடங்கியதோ என்னவோ, காற்று குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கயிற்றைச் சுண்டவில்லை. அந்தத் தடம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

பிறகு நெஞ்சு அடைத்தது. சந்தோஷம் எல்லாம் ஒரே நொடியில் பறந்துவிட்டது. பயத்தில், மூழ்குவதற்காகக் கட்டியிருந்த இடுப்புப் பாரத்தை அவிழ்த்துவிட்டு அம்பு மாதிரி மேலே பாய்ந்தேன். படகில் என்னை இழுத்துப் போட்டபோது வலது காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

கல்யாணமாகி நாலு மாதம். கீழே எனக்கு யாருமே வேண்டாம் போல் இருந்தது என்று யாரிடம் சொல்வது? எல்லோரும் சுற்றி நின்று என்ன ஆச்சு என்ன ஆச்சு என்கிறார்கள். வாய் தானாகச் சொன்னது.

"கயித்தச் சுண்டுனேனே. ஏன் தூக்கல?"

சூசை மச்சான் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு அவர் எந்தக் கயிற்றையும் எடுக்கவில்லை.

தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். டீ குடிப்பார். என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தார். என் மேல் ஒரு சின்னக் கோபம் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

பூவரசங்கட்டை

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது பார்க்க எளிது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் உடம்பில் பல் வெட்டியிருக்கும். எஞ்சினின் முதுகில் கிளட்ச் பிளேட். அதன் நடு ஓட்டையிலும் அதே பல். இது அதற்குள் நுழைய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பிளேட் நட்டநடுவில் நிற்க வேண்டும். எஞ்சின் ஒரு நூல் சாய்ந்தாலும் நுழையாது.

பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்குப் பூவரசங்கட்டையில் ஒரு பொய் ஷாஃப்ட் கடைந்து வைத்திருந்தேன். அதைச் சொருகி, பிளேட்டைச் சரிபார்த்து முடுக்கிவிட்டு, கட்டையை உருவிவிட வேண்டும். என் மகன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பிளாஸ்டிக்ல ரெடிமேடா கெடைக்குதுப்பா" என்று சிரித்தான். படகுக்கு ஆகிற கட்டை காருக்கு ஆகாதா என்று போனை வைத்தேன்.

வழக்கம்போல் காலை டீக்கு வந்த சூசை மச்சான், விட்டத்தில் கப்பியையும் கயிற்றையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் சாயங்காலம் வாரேன் வே."

"ஒரு கை பிடிச்சிட்டுப் போரும் மச்சான். ஆளு இல்ல."

"எனக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு."

திரும்பிவிட்டார். போயே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மோட்சம் குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். தரையில் கிடந்த கயிற்று நுனியை எடுத்து, அண்ணனின் முதுகுக்குப் பின்னாலிருந்தே அவர் கைக்குள் வைத்தாள்.

"பிடி அண்ணே. வண்டி ஓடுனாத்தான் ஒன்னய ஸ்டேஷனுக்குக் கொண்டு விடுவேன். இல்லன்னா ஆட்டோவுல போய்க்க."

அவர் கையைப் பார்த்தபடி நின்றார். கயிறு பாம்பாக இருந்தால்கூட அத்தனை நேரம் பார்த்திருக்கமாட்டார். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மூடின.

"தூண்ல ரெண்டு சுத்துச் சுத்திட்டுப் பிடியும்" என்று சொல்லிவிட்டு, அவர் மனம் மாறுவதற்குள் வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டேன்.

தொட்டால் தூக்கினார்

கப்பிகள் வழியாக ஓடும்போது எஞ்சினின் பாரம் ஒரு அரிசிச் சிப்பத்து எடைக்கு இறங்கிவிடும். பிடிப்பது பெரிய காரியமில்லை. மோட்சம் எஞ்சினின் முன்பக்கம் ஸ்பானரோடு நின்றாள். நான் சொல்லும்போது கிராங்கை ஒரு மயிரிழை திருப்ப வேண்டும், பல்லோடு பல் பொருந்துவதற்காக.

"இறக்கும்... இன்னும்... நில்லும்!"

ஷாஃப்டின் மூக்கு பிளேட்டைத் தொட்டது. எஞ்சினைப் பின்னால் இழுத்தேன். கயிறு லேசாக நடுங்கியது. அவ்வளவுதான், எஞ்சின் விருட்டென்று மூன்று விரல் மேலே ஏறிவிட்டது.

"ஏன் தூக்குனீரு?"

"கயிறு அசைஞ்சுது."

"அசையத்தான் செய்யும். நான்தான இழுக்கேன்!"

மறுபடி இறக்கினார். மறுபடி தொட்டது. மறுபடி கயிறு நடுங்கியது. மறுபடி மேலே. நாலாவது தடவை என் விரல் நசுங்கப் பார்த்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது தெரியும்.

"சும்மா சும்மா தூக்காதியும் வே! நான் சொன்னாத் தூக்கும்!"

எனக்கு அவர் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மடித்துக் கட்டிய சாரத்துக்குக் கீழே, தரையை அழுத்தி ஊன்றிய இரண்டு வெறுங்கால்கள். பாதத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தன. படகின் பலகையில் நிற்கிற அதே நிற்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இதைவிட நல்ல சமயத்துக்குக் காத்திருந்தால் ரயில் போய்விடும். எஞ்சின் நெஞ்சுக்கு மேலே தொங்குகிறது, கயிறு அவர் கையில் இருக்கிறது. பொய் சொன்னவனுக்கு இதுதான் சரியான இடம் என்று தோன்றியது.

"மச்சான்."

"சொல்லும்."

"அன்னைக்கு நான் கயித்தச் சுண்டல."

தகரம் ஒரு தடவை ஏறி இறங்கியது. வெயில் வட்டங்கள் எஞ்சினில் அசையாமல் நின்றன.

"சுண்டுனேன்னு சொன்னது பொய். பயத்துல உம்ம மேல பழியப் போட்டுட்டேன்."

கயிறு நடுங்கவில்லை. மோட்சத்தின் கையிலிருந்த ஸ்பானர் எஞ்சினில் ஒரு தடவை இடித்து நின்றது.

"தெரியும் வே" என்றார் சூசை மச்சான்.

"என்ன தெரியும்?"

"கயிறு என் இடுப்புலதான இருந்துச்சு. நீரு சுண்டுனா எனக்குத் தெரியாதா?"

"பெறவு ஏன் வே ஒரு வார்த்த சொல்லல? முப்பது வருசம்..."

"என்னத்தச் சொல்ல?" அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "கயிறு ரொம்ப நேரம் சும்மா கெடந்துச்சு. தூக்கிருவமான்னு எனக்கு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சரி, அவரே சுண்டட்டும்னு நின்னுட்டேன். சுண்டுனாத் தூக்குறதுக்கு எவன் வேணும்னாலும் போதுமே வே. அதுக்கு எதுக்கு மச்சான்?"

எனக்குக் கண்ணீர் வந்தது. மல்லாந்து கிடப்பவனுக்குக் கண்ணீர் காதுக்குள்தான் போகும். வலது காதில் அந்தக் கடலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

முப்பது வருஷமாக அவர் என் பொய்யைச் சுமக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் சுமந்தது அதை அல்ல. என் பொய் அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இது தெரிந்து எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வெட்கமாக இருந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

மோட்சம்தான் பேசினாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? எனக்குக் கை கடுக்கி. திருப்பவா, வேண்டாமா?"

"திருப்பு" என்றேன்.

அவள் திருப்பினாள். சூசை மச்சான் நான் சொல்லாமலேயே ஒரு நூல் இறக்கினார். நான் இழுத்தேன். கயிறு நடுங்கியது. அவர் தூக்கவில்லை. பல்லுக்குள் பல் வழுக்கி இறங்கியது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. தோணி கரையை ஒட்டுவது போல, எஞ்சின் பின்னால் வந்து கியர்பாக்ஸோடு சேர்ந்து நின்றது. நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளிகூட இல்லை.

முடிச்சு

நாலு போல்ட்டைக் கையால் ஏற்றி, பிறகு ஸ்பானரால் முடுக்கினேன். அவசரப்படவில்லை. உண்மையில் வெளியே வந்து அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முடுக்கிய போல்ட்டையே மறுபடியும் முடுக்கினேன்.

"போதும், வெளிய வாங்க. அண்ணன ரயிலேத்தி விட்டுட்டு ஒங்களக் கவனிக்கேன்" என்றாள் மோட்சம். கவனித்தாள். மூன்று நாள் எனக்கு வெறும் ரசம்தான். மீன் பொரித்த வாசனை மட்டும் தாராளமாக வந்தது.

முழங்கையை ஊன்றி நகர்ந்து வெளியே வந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. முதலில் தூணைப் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்லியிருந்தேனே, அதில் கயிறே இல்லை. தூண் வெறுமனே நின்றது.

சூசை மச்சான் அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளங்கைகள் சிவந்துபோயிருந்தன. கயிறு அவர் கையிலிருந்து இறங்கி, சாரத்துக்கு மேலே இடுப்பைச் சுற்றி முடிச்சாகக் கிடந்தது.

"தூண்ல சுத்தச் சொன்னேனே மச்சான்."

"தூண்ல சுத்துனா தூணுக்குத்தான் தெரியும்" என்றார்.

எஞ்சின் பாரத்தில் இறுகிப்போன முடிச்சு அவருக்கு அவிழவில்லை. நான் முயன்று பார்த்தேன். என் கையெல்லாம் எண்ணெய், வழுக்கியது. மோட்சம் என்னைத் தள்ளிவிட்டு அண்ணனுக்கு முன்னால் மண்டியிட்டாள். திட்டிக்கொண்டே பல்லால் கடித்து இழுத்து அதை அவிழ்த்தாள்.